எட்டடி அகலம்

புதுச்சேரி,
ஆடி மூன்றாம் வெள்ளி, இரவு

அன்புள்ள விஜி,

நான் ஊர் திரும்பி ஏழு வாரம் ஆகிவிட்டது. உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபப்படு, உனக்கு அந்த உரிமை உண்டு. போன் பண்ணியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது கேள்வி கேட்பாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். இதை முழுசாகச் சொல்லியாக வேண்டும். கடைசியில் உன்னிடம் ஒரு வேலையும் இருக்கிறது. அதனால் தாளை எடுத்துவிட்டேன்.

கவி நலம், பேத்தி நலம். மூக்கு அப்படியே மாப்பிள்ளை வீட்டு மூக்கு. சம்பந்தியம்மா போனில் பார்த்துப் பார்த்துப் பூரிக்கிறார். பத்தியச் சாப்பாடு நாற்பது நாள் ஒழுங்காகக் கொடுத்தேன். பூண்டு, சுக்கு எல்லாம் அங்கேயே கிடைத்தது, சுண்டைக்காய் வற்றல்தான் நான் கொண்டுபோனது. இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நான் இல்லாத மூன்று மாதமும் இவரும் ஷாகுலும் பட்டன் கடையை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். மெஜந்தா லைனிங்கையும் ரோஸ் லைனிங்கையும் ஒரே அடுக்கில் சொருகி வைத்திருந்தார்கள், அது ஒன்றுதான் குறை. உன் முழங்கால் எப்படி? தஞ்சாவூர் வெயிலில் மத்தியானம் வெளியே அலையாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வரிசையை இடிக்கப் போகிறார்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் சந்து உனக்குத் தெரியும். பதினாலு கடை, மேலே அந்தப் பழைய ஓட்டு மாடி. கட்டட உரிமையாளரின் பிள்ளைகள் இப்போது பொறுப்பேற்றிருக்கிறார்கள். தை மாதத்துக்குள் காலி செய்யுங்கள், இரண்டு வருஷத்தில் புதுக் கட்டடம், உங்களுக்குத்தான் முன்னுரிமை என்று வாயால் சொல்கிறார்கள். அதுவரை எங்கே போவது என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டு தாண்டி ஒரு இடத்தைக் காட்டுகிறார்கள். எதற்கும் எழுத்து கிடையாது.

பங்குனியில் இந்தப் பேச்சு ஆரம்பித்தபோது, ஒரு செங்கல்லைக்கூடத் தொடவிட மாட்டேன் என்று கடைக்காரர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னவள் நான்தான். ரஹீம் பாய் கை தட்டினார். இப்போது திரும்பி வந்து, இடிக்கட்டும், இடித்தே ஆக வேண்டும், ஆனால் முதலில் நமக்கு இதே தெருவில் இடம் வேண்டும் என்கிறேன். பாய் என்னோடு நாலு நாள் பேசவில்லை. நீயாவது நான் பார்த்துவிட்டு வந்ததைக் கேள்.

நியூசிலாந்தில் கவி இருக்கும் ஊர் கிறைஸ்ட்சர்ச் என்று உனக்குத் தெரியும். அங்கே பூகம்பம் வந்ததும் தெரிந்திருக்கும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. போன பிறகுதான் முழுக் கதையும் தெரிந்தது. முதலில் 2010 செப்டம்பர் 4, விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பெரிய நடுக்கம், 7.1 அளவு. கடைத்தெரு காலியாகக் கிடந்த நேரம். சுவர்கள் விழுந்தன, ஆனால் நசுங்கிச் சாக அங்கே ஆள் இல்லை. ஐந்து மாதம் கழித்து 2011 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை, மதியம் 12.51. அளவில் சின்னதுதான், 6.2. ஆனால் ஊருக்குப் பக்கத்திலேயே, நிலத்துக்குக் கீழே அதிக ஆழமில்லாமல் வந்தது. முதல் நடுக்கத்தில் விரிசல் கண்ட சுவர்கள், சாப்பாட்டு நேரத்துக் கூட்டம். 185 பேர் போய்விட்டார்கள்.

ஆற்றோரத்தில் சலவைக்கல் சுவர் ஒன்று எழுப்பி அத்தனை பேரையும் பொறித்திருக்கிறார்கள். பேத்தியை வண்டியில் தள்ளிக்கொண்டு கவியோடு போனேன். அவள் ஒரு பெயர் வரிசையைக் காட்டினாள். நர்ஸ் வேலைக்காக ஆங்கிலம் படிக்க வந்த பிலிப்பைன்ஸ் பெண்கள், ஜப்பான் பிள்ளைகள். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் வகுப்பு நடந்திருக்கிறது. அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் 115 பேர். கவியும் நர்ஸ் வேலைக்காகத்தானே ராத்திரி ராத்திரியாக ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்தாள், நாம் இரண்டு பேரும் டீ போட்டுக் கொடுத்தோமே. எனக்குக் கால் ஓடவில்லை விஜி. குழந்தை சிணுங்கியதும்தான் நகர்ந்தேன்.

இன்னொன்றையும் மாப்பிள்ளை சொன்னார். அன்றைக்குச் சுமார் 40 பேர் பழைய செங்கல் கட்டடங்களால் செத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் மட்டும் இல்லை. நடைபாதையில் போனவர்கள், கடையை விட்டு வெளியே ஓடியவர்கள், தெருவில் நின்ற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் மேலெல்லாம் முகப்புச் சுவரும் கைப்பிடிச் சுவரும் சரிந்து விழுந்திருக்கின்றன. ஊர் திரும்பிய மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் சந்தின் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓர் அரச மரக்கன்று, சுண்டு விரல் பருமன், வேரைச் செங்கல் இடுக்கில் விட்டு நிற்கிறது. அதற்கு நேர் கீழேதான் டெய்லர் பையன்கள் வரிசையாக நிற்பார்கள். இந்தப் பக்கம் அந்த மாதிரி பூகம்பம் வராது என்று பாய் சொல்கிறார். அது விழுவதற்குப் பூகம்பமா வர வேண்டும்? நல்ல ஐப்பசி மழை ஒன்று போதும். அன்றைக்குத்தான் என் மனசு மாறியது.

ஆனால் உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கடைகளைப் பற்றி.

பூகம்பம் முடிந்ததும் கடைத்தெருவைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள், பட்டாளத்தை நிறுத்தி. கணக்குப் புத்தகத்தை எடுக்கக்கூட முதலாளிகள் நினைத்த நேரத்துக்கு உள்ளே போக முடியாது. அந்த வேலி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, முழுசாக எடுக்க 2013 ஜூன் ஆகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல்! ஆபீஸ்கள் புறநகருக்குப் போய்விட்டன, ஜனங்கள் அங்கேயே இருந்த மால்களில் வாங்கிப் பழகிவிட்டார்கள். அப்படியே விட்டிருந்தால் நடு ஊர் செத்திருக்கும்.

அப்போதுதான் ஒரு வேலை செய்தார்கள். காஷெல் தெரு என்று அவர்களுடைய நேரு வீதி. வேலியின் ஓர் ஓரத்தைத் திறந்து, இடிந்ததைப் பெருக்கிச் சுத்தம் செய்து, கப்பலில் சரக்கு ஏற்றும் கன்டெய்னர் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாக, பளீர் பளீரென்று வண்ணம் அடித்து, பக்கவாட்டை வெட்டிக் கண்ணாடி போட்டு. 2011 அக்டோபர் 29 அன்று 27 கடையோடு திறந்தார்கள். ரீஸ்டார்ட் என்று பெயர். பக்கத்திலேயே நூற்றைம்பது வருஷத்துக்கு மேலான பாலன்டைன்ஸ் என்ற பெரிய கடையும் அதே நாளில் கதவைத் திறந்தது. அது தனியாகத் திறந்திருந்தாலும் ஜனம் வந்திருக்காது, பெட்டிகள் மட்டும் திறந்திருந்தாலும் வந்திருக்காது. இரண்டும் சேர்ந்ததால் பழகிய கால்கள் பழகிய தெருவுக்கே வந்தன. கொஞ்ச காலத்துக்கு என்று வைத்த பெட்டிகள் இடம் மாறி மாறி 2018 ஜனவரி வரை ஓடியிருக்கின்றன. அந்த இடத்தில் 2019-இல் ரிவர்சைட் மார்க்கெட் வந்தது. காய், மீன், ரொட்டி, பூ எல்லாம் ஒரே கூரையின் கீழ். நான் வாரம் இரண்டு தடவை போனேன். ஊர் ஞாபகம் தாங்காத நாளெல்லாம் மீன் கடைப் பக்கம் போய் நின்றுவிட்டு வருவேன்.

பேத்தி ஸ்வெட்டருக்குப் பட்டன் தேடி ஒரு சின்னக் கடைக்குப் போனோம். என் வயசு அம்மா ஒருவர். நானும் பட்டன் கடைக்காரி என்று கவி சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பரப்பினார், விற்பதற்கு இல்லை, காட்டுவதற்கு. நான் ஒரு பட்டனைப் பல்லில் தட்டிப் பார்த்தேன், சிப்பியா பிளாஸ்டிக்கா என்று. அவரும் அப்படித்தான் பார்ப்பாராம்! அந்தக் கன்டெய்னர் கடைகளில் ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். குளிர்காலத்தில் இரும்புச் சுவரில் கை வைத்தால் சுரீர் என்று இழுக்குமாம், கோடையில் உள்ளே நிற்க முடியாதாம். அகலம் எவ்வளவு என்று கேட்கச் சொன்னேன். எட்டடி. என் கடையும் எட்டடிதானேடி! எட்டடியில் எப்படிப் பிழைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அங்கே எல்லாமே சரியாக நடந்தது என்று நினைத்துவிடாதே. முதலில் நகரசபை ஜனங்களிடம் யோசனை கேட்டது, ஒரு லட்சத்துக்கு மேல் வந்து குவிந்தது. அப்புறம் அரசாங்கம் 2012-இல் திட்டம் போட்டபோது, கடைப் பகுதியில் 7,500 சதுர மீட்டருக்குக் குறையாமல் சேர்த்துத் திட்டம் காட்டினால்தான் கட்டலாம் என்று விதி வந்தது. ஒரே ஒரு மனை வைத்திருந்தவர் என்ன செய்வார்? பக்கத்துக்காரரோடு சேர வேண்டும், இல்லையென்றால் பெரிய முதலாளியிடம் விற்க வேண்டும். பழைய சின்னக் கடைகள் எத்தனையோ திரும்பவே இல்லை என்று அந்தப் பட்டன் அம்மா சொன்னார். பெரிய தேவாலயம் இன்னும் பாதியில் நிற்கிறது. பளபளக்கும் கண்ணாடிக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே கல் பரப்பிய காலி மனை, அதில் கார் நிறுத்துகிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் சந்தும் இடித்துப்போட்டு இப்படிக் காலி மனையாகக் கிடந்தால்?

அவர்கள் அந்தப் பெட்டிகளைத் திறந்த இரண்டே மாதத்தில் நமக்கு ‘தானே’ புயல் வந்தது, டிசம்பர் 30. உன் திருப்பாப்புலியூர் வீட்டுப் பலாமரம் விழுந்த அன்று. எங்கள் கடைத் தகரம் பறந்து, நூல்கண்டு எல்லாம் சாயம் இறங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஜாக்கெட் கொக்கி டப்பா டப்பாவாகத் துருப்பிடித்துக் கிடந்தது. மூன்றாம் நாள் கடை வாசலிலேயே தார்ப்பாய் விரித்து, காய்ந்ததை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கரண்ட் இல்லை. ஆனாலும் தை முகூர்த்தத்துக்குத் தைக்கிற டெய்லர்கள் தேடிக்கொண்டு அங்கேதான் வந்தார்கள். சரசு அக்கா மட்டும் பயந்துபோய் வளையல் கடையை உள் தெருவுக்கு மாற்றினார், ஒரே வருஷம்தான் என்று. அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். அவர் கை வைத்து அடுக்கிய வளையல் பெட்டிகளை நாம்தானே மூட்டை கட்டினோம்.

அதனால்தான் சொல்கிறேன், புதுக் கட்டடத்தின் படத்தைக் காட்டி எங்களை மயக்க வேண்டாம். இடைப்பட்ட அந்த இரண்டு வருஷம்தான் எனக்குக் கவலை. சந்தின் முனையில் வண்டி நிறுத்தும் காலி இடம் இருக்கிறதே, அதுவும் அதே உரிமையாளருடையதுதான். அதில் தகரக் கொட்டகையோ பெட்டிக் கடையோ பதினாலு போடலாம். நான் டேப் வைத்து அளந்துவிட்டேன், ஷாகுல் மறுமுனையைப் பிடித்தான். நடுவில் ஆள் போக ஆறடி விட்டாலும் இடம் போதும். கொட்டகை எழுந்த பிறகுதான் கடப்பாரை விழ வேண்டும். யார் யாருக்குப் புதுக் கட்டடத்தில் எந்தக் கடை, எத்தனை அடி, என்ன வாடகை என்பது இப்போதே பத்திரத்தில் வர வேண்டும். எட்டடிக் கடை எட்டடிக் கடையாகவே திரும்பி வர வேண்டும். இரண்டு கடையை ஒன்றாக்கி ஷோரூம்காரருக்குக் கொடுக்கக் கூடாது.

நேற்று ரஹீம் பாயை வாசலுக்குக் கூப்பிட்டு அந்த அரசங்கன்றைக் காட்டினேன். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். பேசவில்லை. இன்று காலையில் ஏணி கொண்டுவந்து அதைப் பிடுங்கப் பார்த்தார், வேர் வரவில்லை, ஒரு செங்கல்தான் கையோடு வந்தது. அதை அவர் கல்லா மேஜையில் வைத்திருக்கிறார். கொட்டகை யோசனைக்கு அவர் சம்மதம்தான் என்று ஷாகுலிடம் சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் எத்தனை பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருப்பாய்! நான் எழுதினால் அழுகை வந்துவிடும், கோபம் வந்துவிடும். நீ எழுதினால் எதிராளியால் ஒரு வரியைக்கூடத் தள்ள முடியாது. மேலே சொன்னதையெல்லாம் இரண்டு பக்கத்துக்குள் அடக்கி எழுதிக் கொடு. பதினாலு பேரும் கையெழுத்துப் போடக் கீழே இடம் விடு. அளவு குறித்த தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் கூரியரில் போட்டால் சனிக்கிழமை கைக்கு வந்துவிடும்.

உனக்கு அந்த அம்மாவிடம் வாங்கிய சிப்பிப் பட்டன் ஒரு டஜன் வைத்திருக்கிறேன். நேரில் வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
மல்லிகா