கரையானுக்காக மண்வீட்டைக் கைவிட வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்சுவர் வீடுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், மக்கள் அவ்வீடுகளைக் கைவிடுவதற்குக் கரையானே முதற்காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. பதினொரு ஆண்டுகளாக மண்சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்ட வீட்டில் குடும்பத்துடன் வாழ்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கரையான் மண்ணை உண்பதில்லை. மரம், வைக்கோல், தாள் ஆகியவற்றில் உள்ள நார்ப்பொருளே அதன் உணவு. வெயிலும் காற்றும் பட்டால் அதன் மெல்லிய உடல் உலர்ந்துவிடும் என்பதால், நிலத்தின் ஈரத்தோடு தொடர்பு அறாதபடி மண்ணால் மூடிய பாதை அமைத்துக்கொண்டே அது சுவரில் ஏறுகிறது. சிமென்ட் வீட்டிலும் தரை விரிசல் வழியே அப்படித்தான் ஏறிக் கதவு நிலையை அரிக்கிறது. ஆகவே ஈரமும் மறைவும் இல்லாமல் பார்த்துக்கொள்வதே முதல் காப்பு. எங்கள் வீட்டின் கருங்கல் அடித்தளம் தரைக்கு மேல் இரண்டடி உயர்ந்து, பூச்சின்றி வெளியே தெரிகிறது. தாழ்வாரம் நீண்டிருப்பதால் மழைநீர் சுவரை நனைப்பதில்லை. ஒரு மழைக்காலத்தில் வடபுறச் சுவரோரம் விறகை அடுக்கிவிட்டோம். தை மாதம் விறகை எடுத்தபோது, அதன் மறைவில் ஏறிய கரையான் சன்னல் சட்டத்தை அரித்திருந்தது. அன்று முதல் மாதம் ஒருமுறை வீட்டைச் சுற்றிவந்து, மண்தடம் தெரிந்தால் சுரண்டிவிடுகிறோம்.

மூங்கில் உளுப்பதற்குக் காரணம் வேறு. அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடியே சிறு வண்டுகள் துளைக்கின்றன. வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் நீரில் ஊறப்போடும் பழைய வழக்கம் அந்தச் சத்தைக் கரைத்துவிடுகிறது. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பது இன்னும் உறுதியான முறை. சுவரில் மண்கூடு கட்டும் குளவியையோ எதுவும் செய்ய வேண்டியதில்லை. அது தன் குஞ்சுகளுக்காகப் புழுக்களையும் சிலந்திகளையும் பிடித்துவரும் உயிர்.

அடித்தளத்தைச் சுற்றி நஞ்சு ஊற்றும் வழக்கம்தான் என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. கரையானுக்கென்று ஒருகாலத்தில் தாராளமாகப் பயன்பட்ட ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்கப்பட வேண்டியவையாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுக்குப் பின் பரவலான குளோர்பைரிபாஸும் 2025இல், சில விலக்குகளுடன், அப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. கிணற்றுநீரைக் குடிக்கும் வீடுகளில் இதைக் கேள்வியின்றி ஊற்றுவது தகாது.

மண்வீடு கட்டிப் பழகிய கொத்தனார்களிடமும் தச்சர்களிடமும் கேட்டறிந்து, இந்தக் காப்பு முறைகளைத் தங்கள் நாளிதழ் விரிவாக வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தருமபுரி மாவட்டம்.