காவலூர் வானத்தை கொஞ்சம் இருட்டாவே விட்டு வைங்க: ஜவ்வாது மலைக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆலங்காயம், ஜவ்வாது மலை ஒன்றியங்கள்ல ஊராட்சி நிர்வாகத்தை பாக்கறவங்களுக்கும், மலைமேல ரிசார்ட், ஹோம்ஸ்டே நடத்தறவங்களுக்கும் வணக்கம்.

முதல்லயே சொல்லிடறேன், லைட்டே வேணாம்னு சொல்ல வரல. ராத்திரி கடைசி பஸ்ல எறங்கி வீட்டுக்கு நடந்து போற பொம்பளைங்களுக்கும், பாம்புக்கு பயந்து பயந்து காலெடுத்து வைக்கறவங்களுக்கும் வெளிச்சம் கண்டிப்பா வேணும். சிட்டியில உக்காந்துகிட்டு "ஆஹா இருட்டு என்ன அழகு"ன்னு பேசறவங்கள பாத்தா எனக்கே கடுப்பாதான் இருக்கும். வெளிச்சம் ரோட்டுல விழட்டும், வானத்துக்கு போக வேணாம், நான் கேக்கறது அவ்ளோதான்.

ஏன் உங்ககிட்ட கேக்கறேன்னா, உங்க ஊர்லதான் காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கு. வானியல் விஞ்ஞானி வைனு பாப்பு எடம் தேடி அலைஞ்சு, டவுன் வெளிச்சம் இல்லாத, வடக்கு வானம் தெற்கு வானம் ரெண்டையும் நல்லா பாக்க முடியற எடம்னு இந்த மலைய புடிச்சாரு, 1968ல சின்ன டெலஸ்கோப்போட வேலை ஆரம்பிச்சது. 1977 மார்ச்ல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சிட்டு போச்சு, அத உலகத்துல பல எடத்துலேர்ந்து பாத்துதான் யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு தெரிஞ்சது, அப்படி பாத்த எடத்துல காவலூரும் ஒண்ணு. 1988ல இங்கேர்ந்து கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பேரு வச்சிருக்காங்க. 1986லேர்ந்து ஓடிட்டு இருக்கற பெரிய டெலஸ்கோப்போட கண்ணாடி 2.34 மீட்டர், அந்த டெலஸ்கோப்ப நம்ம நாட்டுலயே வடிவமைச்சு செஞ்சாங்க. இத்தனையும் இருட்ட நம்பி வந்தது. இருட்டு போச்சுன்னா மங்கலான நட்சத்திரமும் கேலக்ஸியும் அந்த வெளிச்சத்துல கரைஞ்சிடும், கண்ணாடி எவ்ளோ பெருசா இருந்தும் புண்ணியம் இல்ல.

கீழ வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் பக்கத்து வெளிச்சத்தை நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, அது வேற மடல், வேற ஆளுங்களுக்கு எழுதணும். ஆனா டெலஸ்கோப்புக்கு பக்கத்துலயே எரியற லைட்டு உங்க கையிலதான இருக்கு.

இப்ப எங்க பாத்தாலும் 6500கே வெள்ளை எல்இடிதான் மாட்டறாங்க (கேன்னா கெல்வின், வெளிச்சத்தோட நிறத்துக்கு அளவு, நம்பர் கொறைஞ்சா மஞ்சள், ஏறினா நீலம்). அந்த வெள்ளையில நீலம் ஜாஸ்தி, நீலம்தான் காத்துல அதிகமா செதறும், பகல்ல வானம் நீலமா தெரியற அதே காரணம்தான், அதனால ராத்திரி வானம் வெளுத்துப் போறதுக்கும் அந்த நீலம்தான் முக்கியமான ஆளு. பழைய மஞ்சள் சோடியம் லைட்ல இந்த தொல்லை கம்மி. அதுக்காக சோடியத்துக்கு திரும்ப போக சொல்லல, எல்இடிலயே 2700கே, 3000கேன்னு மஞ்சளா வருது, பெட்டி மேலயே போட்டிருக்கும்.

அடுத்தது லைட்ட மாட்டற விதம். கம்பத்து லைட்ட மேல் பாத்து சாய்ச்சு மாட்டினா படுக்கை வாட்டத்துல போற வெளிச்சம்தான் ரொம்ப தூரம் போயி வானத்தை கெடுக்கும். தரைக்கு நேரா, தட்டையா மாட்டணும், பல்பு பக்கவாட்டுல தெரியாத மாதிரி ஷேடு இருக்கணும். இப்படி பண்ணா கம்மி வாட்லயே ரோடு நல்லா தெரியும், கரண்ட் பில்லும் ஊராட்சி தலையிலதான விழுது. கண்ணு கூசற லைட்டுல பாதுகாப்பும் கெடையாது, எதிர்ல லாரி ஹைபீம் போட்டுட்டு வந்தா பக்கத்துல நிக்கற ஆளே தெரியாதில்ல, அந்த கதைதான்.

ரிசார்ட்காரங்களே, உங்ககிட்டதான் எனக்கு கொஞ்சம் கோவம். கேட்டுலேர்ந்து நீச்சல்குளம் வரைக்கும் உருண்டை லைட்டு, மரத்துக்கு கீழேர்ந்து மேல அடிக்கற ஃபோகஸ் லைட்டு, விடிய விடிய எரியுது. உங்க கெஸ்ட்டு நட்சத்திரம் பாக்கத்தான மலையேறி வர்றாங்க? அந்த ஃபோகஸ் வெளிச்சத்துல விட்டில் பூச்சி சுத்தி சுத்தியே சாவுது, மின்மினி ஜோடிக்கு சிக்னல் காட்டினாலும் எடுபடாது. மேல அடிக்கற லைட்ட கழட்டுங்க, நடைபாதைக்கு மோஷன் சென்சார் போடுங்க, ஆள் வந்தா எரியட்டும்.

இதெல்லாம் நடக்காத கதைன்னு நெனைக்காதீங்க. லடாக்ல ஹான்லேன்னு ஒரு ஊரு, காவலூர் நடத்தற அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தோட ஆய்வகம் அங்கயும் இருக்கு. 2022ல அந்த பகுதிய இருண்ட வான காப்பகமா அறிவிச்சு, ஊர்க்காரங்களுக்கே டெலஸ்கோப் குடுத்து பயிற்சி குடுத்தாங்க, இப்ப டூரிஸ்டுங்களுக்கு வானத்தை காட்டி அவங்க சம்பாதிக்கறாங்க, வீட்டு ஜன்னலுக்கு திரைய இழுத்து விட்டுக்கறாங்க. நம்ம மலைப் பசங்களுக்கும் அந்த வேலை வரலாமே, வானம் மிச்சம் இருந்தா.

உடனே எல்லா லைட்டையும் மாத்த காசு எங்கேர்ந்து வரும்னு கேப்பீங்க, நியாயம்தான். ஃப்யூஸ் போனத மாத்தறப்ப மட்டும் மஞ்சளா, ஷேடோட வாங்குங்க. அடுத்த எல்இடி டெண்டர்ல 3000கேக்கு மேல கூடாது, வெளிச்சம் மேல போகக்கூடாது, ராத்திரி 11க்கு மேல பாதியா கொறையணும்னு இந்த மூணையும் சேருங்க. அதுக்கு முன்னாடி காவலூர் ரோட்டுல ஒரே ஒரு தெருவுல போட்டு பாத்துட்டு, அந்த தெருக்காரங்ககிட்டயே வெளிச்சம் போதுமா போதாதான்னு கேளுங்க, போதலன்னு சொன்னாங்கன்னா இன்னொரு கம்பம் நடுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன்.