அம்மா பேரில் கணக்கு, மகன் போனில் ஓ.டி.பி.

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கிராமத்துப் பெண்களிடம் செல்போனே இல்லை என்பது பழைய பேச்சு. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி முறத்தை ஒட்டியே ஒரு பட்டன் போன் கிடக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் ஏறியிருக்கும் நம்பர் பல வீடுகளில் கணவருடையது. இல்லாவிட்டால் பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுடையது.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கிராமங்களில் இணையத்தைப் பயன்படுத்தியிருந்த ஆண்கள் 48.7 சதவீதம், பெண்கள் 24.6 சதவீதம். ஸ்மார்ட்போன் கொடுத்தால் இது சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பீடி சுற்றியே ரேகை தேய்ந்தவர்களுக்கு ஆதார் மெஷினில் விரல் எளிதில் பதியாது. பி.எஃப். வேலையோ கேஸ் வேலையோ, அடுத்த வழி பெரும்பாலும் ஓ.டி.பி.தான். அது மகன் போனுக்குப் போகும். அவன் ஷிஃப்டில் இருப்பான். பத்து நிமிடத்தில் காலாவதி.

இதைவிட மோசம், ஆஃபர் சிம். புது சிம் கிடைத்ததும் பழையதை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். 90 நாள் பயன்பாடும் இல்லை, பேலன்ஸும் இல்லை என்றால் கம்பெனி இணைப்பைத் துண்டிக்கலாம். பிறகு அதே நம்பர் வேறு ஒருவருக்குப் போகும். அம்மாவின் வங்கி மெசேஜ் அதன்பின் முன்பின் தெரியாத ஆளுக்கு! கம்பெனி மாற்ற வேண்டுமானால் நம்பரை மாற்றாமல் 'போர்ட்' செய்தால் போதும்.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் அந்தப் பெண்ணின் பெயரிலேயே சிம். பிறகு ஆதாரில் நம்பர் மாற்றம். இதற்குப் பழைய நம்பரோ வேறு சான்றோ வேண்டாம், ஆள் நேரில் வந்தால் போதும். அது ஏறிய பிறகே பி.எஃப்., கேஸ். ஆதாரில் மாற்றினால் வங்கியிலும் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. மாறாது. கிளையில் தனியாகப் படிவம் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத் தர வேண்டும்.

பட்டன் போனில் இன்னொரு வில்லங்கம். விளம்பர மெசேஜ்களால் இன்பாக்ஸ் நிரம்பிவிட்டால் புது மெசேஜ் உள்ளே வராது. "சிக்னல் இல்லை" என்று திருப்பி அனுப்பப்படும் பெண்களின் போனை வாங்கி, நாலு மெசேஜை அழித்துப் பாருங்கள். ரீசார்ஜ் தீர்ந்து கிடந்தாலும் இதே கதைதான். 'மாதம்' என்று சொல்லி 28 நாள் கணக்கு வைப்பதால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சு, மெசேஜ் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. கடையில் கேட்டு வாங்க வேண்டும். அவர்களாக எடுத்துக் காட்ட மாட்டார்கள்.

ஆதாரில் நம்பர் மாற்றும் வேலையைத் தபால்காரர்களும் செய்கிறார்கள். மாவட்ட நிர்வாகம் அஞ்சல் துறையிடம் பேசி, மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் அவர்களை ஊருக்கே வரவழைக்கலாம். பீஞ்சமந்தை போன்ற மலை ஊர்களில் இருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்