துவக்கைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்பின் குணம்,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. வாசித்த அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் சண்டைதான் பிடித்திருப்பேன். அதனால் ஆறப் போட்டேன். இங்கே மனுசியும் பிள்ளைகளும் சுகம். எனக்கு முழங்கால் வலிதான் விடுகிறதாயில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள் முழுக்க நிற்கிற வேலை, இன்னும் எவ்வளவு காலத்துக்குத் தாங்குமோ தெரியாது. மூத்தவளுக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அங்கே ரெக்சாஸில் கைத்துவக்கு இரண்டு வாங்கினாயாம். ஒன்று பெற்றோல் நிலையத்துக் கடையில் காசு லாச்சிக்குக் கீழே, மற்றது படுக்கையறையில். அதோடு விட்டிருந்தால் உன் பாடு என்று இருந்திருப்பேன். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், "உங்கட சுவிஸில வீட்டுக்கு வீடு துவக்கு இருக்காம். அங்க என்ன ஆக்கள் செத்தோ கிடக்கினம்?" என்று. இதை உன் ஊர் வானொலிக்காரன் சொல்லியிருப்பான். துவக்கு வேண்டும் என்கிற அமெரிக்கர்கள் எல்லோரும் கடைசியில் சுவிஸைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிறவன் என்ற முறையில் அந்தச் சாட்சியை நானே சொல்கிறேன், கேள்.

துவக்குக்கு இங்கே பஞ்சமில்லை. 2018இல் வந்த ஒரு கணக்குப்படி நூறு பேருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு துவக்கு. உங்கள் நாட்டில் நூறு பேருக்கு 120, ஆளை விடத் துவக்கு கூட. என் வீட்டிலேயே இப்போது ஒன்று இருக்கிறது. என் பெடியன் இராணுவப் பயிற்சியை முடித்துவிட்டான். இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தால் ஆண் பிள்ளைக்கு அது கட்டாயம், 18 கிழமை. முடிந்து வந்த அன்று தோளில் ஒரு பெரிய பையும் ஸ்ரூர்ம்கெவேர் 90 என்கிற அவர்களின் துவக்கும். ரயிலில், பிறகு பஸ்ஸில், சனத்துக்கு நடுவே அப்படியே கொண்டு வந்திருக்கிறான். சுவரோடு சாத்தி வைத்துவிட்டுச் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான். மனுசி குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள். இன்று வரைக்கும் அவன் அறையைக் கூட்டுவதற்கு அவள் உள்ளே போவதில்லை.

அவள் அப்படி நிற்பது உனக்கு விளங்கும். பிள்ளைகளுக்கு விளங்காது. நான் வந்த புதிதில் ஒரு சின்னக் கிராமத்து அகதி முகாமில்தானே விட்டிருந்தார்கள். முதல் சனிக்கிழமை காலையில் படபடவென்று வெடிச்சத்தம். நாங்கள் எல்லோரும் கட்டிலுக்குக் கீழே. முகாமைப் பார்த்துக்கொண்ட அம்மா சிரித்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வயற்கரையில் ஒரு கொட்டில், 300 மீற்றருக்கு அங்கால் இலக்குப் பலகைகள், கிழவர்கள், பெண்கள், ஒரு மூலையில் இறைச்சி வாட்டுகிற புகை. ஒவ்வொரு கிராமத்துக்கும் இப்படி ஒரு சூட்டுத் திடலும் ஒரு சங்கமும் உண்டு என்று பிறகு தெரிந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பேர்ண் ரயில் நிலையத்தில் சீருடைப் பெடியள் துவக்கோடு பியர் குடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் கை மட்டும் ஊர்ச் சோதனைச் சாவடிப் பழக்கத்தில் அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப் பைக்குள் போய்விடும். அது போக வருடக்கணக்காயிற்று.

சரி, அப்படியென்றால் உன் வானொலிக்காரன் சொல்வது சரிதானே என்பாய். அவன் சொல்லாமல் விடுகிறதைக் கேள்.

பெடியனிடம் துவக்கு இருக்கிறது, தோட்டா ஒன்றுகூட இல்லை. இராணுவம் கொடுப்பதில்லை. இப்படித் துவக்கு வைத்திருக்கிற இராணுவத்துப் பெடியள் வருடத்துக்கு ஒரு தடவை ஓகஸ்ட் முடிவதற்குள் திடலுக்குப் போய் இருபது வெடி சுட்டுக் காட்ட வேண்டும். அதற்கான தோட்டாவை அங்கேயே வாங்கி, அங்கேயே சுட்டு முடித்துவிட்டு வர வேண்டும். முன்பு அப்படியில்லை, ஐம்பது தோட்டாவை முத்திரை வைத்த தகரப் பேணியில் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். சோவியத்காரன் வந்தால் வாசலிலிருந்தே சுட்டுக்கொண்டு முகாமுக்குப் போகலாம் என்ற நினைப்பு. 2006இல் கோரின் ரே-பெலே என்ற பனிச்சறுக்கு வீராங்கனையைப் புருசனே சுட்டுக் கொன்றான். அவளுடைய சகோதரனையும் கொன்றுவிட்டுத் தானும் செத்தான். அவன் இராணுவ அதிகாரி, சுட்டது இராணுவம் கொடுத்த கைத்துவக்கால். நாடு முழுக்க அதே கதையாகக் கிடந்தது. அடுத்த வருடமே பேணிகளைத் திருப்பி வாங்க முடிவெடுத்தார்கள்.

அப்புறம், இங்கே துவக்கை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவனும் கடைக்குப் போக முடியாது. அதற்கு வேறு அனுமதி வேண்டும். உயிருக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது என்று நிரூபித்து, சோதனையும் எழுத வேண்டும். சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. உங்கள் ரெக்சாஸில் 2021 செப்ரெம்பரிலிருந்து 21 வயதான அநேகம் பேர் அனுமதிப் பத்திரமே இல்லாமல் கைத்துவக்கோடு திரியலாம் என்று சட்டம் வந்தபோது, நீயே தலையில் கைவைத்துக்கொண்டு எழுதினாய். மறந்துவிட்டாயா?

எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர் ஐம்பது வருடமாகச் சூட்டுச் சங்கத்தில் இருக்கிறவர். சுவர் நிறையப் பதக்கம். மே மாதக் கடைசியில் நாடு முழுக்க நடக்கிற சூட்டு விழாவில் இலட்சத்துக்கு மேல் ஆட்கள் சுடுவார்கள். அதற்குத் தவறாமல் போவார். உன் கடிதத்தை வாசித்துவிட்டு அவரிடம் கேட்டேன், இரவில் கள்ளன் வந்தால் துவக்கை எடுப்பீர்களா என்று. அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "117க்கு அடிப்பேன்" என்றார். அது இங்கே பொலிசின் இலக்கம். துவக்குக்கும் கள்ளனுக்கும் என்ன சம்பந்தம் என்பது போலப் பார்த்தார்.

நான் உனக்குச் சொல்ல வந்தது முழுக்க இந்தக் கிழவரிடம் இருக்கிறது, குணம். இவர் துவக்கைத் தூக்கும்போது இவர் மனதில் நிற்பது கடதாசி இலக்கு. மிஞ்சிப்போனால் நாட்டுக் கடமை. நீ தூக்கும்போது உன் மனதில் நிற்பது ஒரு ஆள். முகம் தெரியாத, உன் கதவைத் தட்டப் போகிற ஒரு ஆள். உங்கள் நாட்டில் அது சட்டமாகவே இருக்கிறது. 1791இல் நிறைவேறிய அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்துக்கு 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விளக்கமே, வீட்டில் தற்காப்புக்காகத் துவக்கு வைத்திருப்பது தனிமனித உரிமை என்பதுதானே. அப்படி நினைத்துக்கொண்டு வைத்திருக்கிற துவக்கு யாராவது கதவைத் தட்டும்வரை காத்துக்கொண்டிருக்கும்.

உனக்குப் பக்கத்து மாநிலத்தில் நடந்த கதை ஒன்று. 1992 ஒக்ரோபர், லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகரம். யொஷிஹிரோ ஹத்தோரி என்ற யப்பானியப் பெடியன், வயது 16, படிக்க வந்தவன். ஹாலோவீன் விருந்துக்கு வேடம் போட்டுக்கொண்டு போனவன் வீடு மாறி வேறொரு வீட்டு மணியை அடித்துவிட்டான். வீட்டுக்காரி பயந்து புருசனைத் துவக்கு எடுக்கச் சொன்னாள். அவன் அசையாதே என்று கத்தியது பெடியனுக்குப் பிடிபடவில்லை, கிட்டே வந்தான். ஒரு வெடி. அடுத்த வருடம் யூரிகள் அந்த மனிதன் குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார்கள். பிறகு சிவில் வழக்கில்தான் நட்டஈடு கட்டச் சொன்னது. யப்பானில் அந்தத் தாய் தகப்பன் 17 இலட்சம் கையெழுத்துச் சேர்த்து அப்போதைய ஜனாதிபதி கிளின்ரனிடம் கொண்டு போய்க் கொடுத்தார்கள். யப்பானில் சாதாரண ஆள் கைத்துவக்கு வைத்திருக்கவே முடியாது. வேட்டைத் துவக்குக்கும் வகுப்பு, சோதனை, வைத்தியர் கடிதம், பொலிஸ் விசாரணை எல்லாம் தாண்ட வேண்டும். 2022இல் ஷின்சோ அபேயைக் கொன்றவன் குழாய்களை வைத்துத் தானே ஒன்று செய்ய வேண்டியிருந்தது. அப்படியொரு நாட்டுச் சனத்துக்கு, மணி அடித்த பிள்ளையைச் சுட்டவன் வீட்டுக்குப் போகலாம் என்பது எப்படி விளங்கும்?

சுவிஸ்காரனை நான் ஒரேயடியாகப் புகழுகிறேன் என்று நினைக்காதே. 2001 செப்ரெம்பரில் சூக் மாநிலத்துப் பாராளுமன்றத்துக்குள் ஒருவன் புகுந்து 14 பேரைச் சுட்டுக் கொன்றான். அமைச்சர்களும் உறுப்பினர்களும். அதுவரை இவர்கள் பாராளுமன்றத்துக்குள்ளே சந்தைக்குப் போவது போலப் போய்வந்தார்கள். நாடு முழுவதற்குமான ஆயுதச் சட்டம் என்று ஒன்று வந்ததே 1999இல்தான். பிறகு 2011இல் இராணுவத் துவக்குகளை வீட்டில் வைக்காமல் களஞ்சியத்தில் வைப்போமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். 56 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, இப்போதும்தான். பரம்பரைப் பழக்கம் என்றால் இவர்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

அதற்கு விலையும் கொடுக்கிறார்கள். இங்கே துவக்கால் சாகிறவர்களில் பெரும்பகுதி தற்கொலை. உங்கள் நாட்டிலும் பாதிக்கு மேல் அதுதான். 2021இல் அங்கே துவக்கால் செத்தவர்கள் 48,830 பேர், அதில் 26,000க்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். செய்தியில் வருவது மற்றப் பாதி மட்டும். சுவிஸில் 2003இல் இராணுவத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். பிறகு பார்த்தால் இராணுவ வயது ஆண்களில் துவக்கால் தற்கொலை செய்வது குறைந்துவிட்டது. துவக்கு இல்லாவிட்டால் கயிற்றை எடுப்பான் என்பார்களே, கனபேர் எடுக்கவில்லை. இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு கெட்ட இரவில் கைக்கெட்டுகிற தூரத்தில் அது இருக்கிறதா இல்லையா என்பதுதான் விசயம்.

இதை எங்களுக்கு ஆராய்ச்சிக்காரன் வந்து சொல்லவேண்டியதில்லை. எங்கள் அப்புவின் வேட்டைத் துவக்கு உனக்கு நினைவிருக்கும், காட்டுப்பன்றிக்கு வன்னிக்குக் கொண்டுபோவாரே. எண்பதுகளில் ஒருநாள் இரவு இயக்கப் பெடியள் வந்து அதை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்பு பெருமையோடுதான் எடுத்துக் கொடுத்தார். அம்மா தேத்தண்ணியும் கொடுத்தா. அந்த நேரம் ஊரில் துவக்குத் தூக்கிய பெடியனுக்கு இருந்த மரியாதை வாத்தியாருக்கு இருக்கவில்லை. கொஞ்சக் காலம் போக, மின்கம்பத்தில் கட்டியிருந்த ஆட்களைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போனோம். யார் சுட்டது, ஏன் சுட்டது என்று ஒருவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்திக் கதைக்கப் பழகிவிட்டோம். நீ அதையெல்லாம் மறந்திருக்க மாட்டாய். அதனால்தான் உன் கடிதத்தில் அந்தத் துவக்கின் பெயரையும் இலக்கத்தையும் அவ்வளவு ஆசையாக எழுதியிருந்தது எனக்கு விளங்கவேயில்லை.

உன் பயத்தை நான் சும்மா என்று சொல்லவில்லை. இரண்டு தரம் கொள்ளையடித்தார்கள், உன் நெற்றிக்கு நேரே பிடித்தார்கள், நான் இங்கே பாதுகாப்பாக இருந்துகொண்டு புத்தி சொல்லுகிறேன். ஆனாலும் யோசித்துப் பார். வருகிறவன் துவக்கைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வருகிறான். நீ குனிந்து லாச்சிக்குக் கீழே கையை விடுவதை அவன் பார்த்துக்கொண்டு நிற்பானா? காசைக் கொடுத்ததால்தான் இரண்டு தரமும் தப்பினாய் என்று நான் நினைக்கிறேன். கடையை வித்துவிட்டு வேறு வேலை பார் என்று சொல்வது சுகம், அதனால் சொல்லவில்லை.

கடைத் துவக்கை விடு. படுக்கையறையில் இருக்கிறதுதான் எனக்குத் தொல்லை. சின்னவனுக்கு வயது 16. போன வருடம் அவன் ஒருவரோடும் கதைக்காமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான் என்று நீதான் கவலைப்பட்டு எழுதினாய். 2020இலிருந்து உங்கள் நாட்டில் பிள்ளைகளும் இளம் பெடியளும் சாவதற்கு முதல் காரணம் துவக்கு. வாகன விபத்தையும் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் இருக்கப் பழக்குகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். நாங்கள் பள்ளிக்கூடத்துப் பங்கருக்குள் ஓடினோம், மேலே பொம்பர் சுற்றியது. உன் பிள்ளைகளின் தலைக்கு மேலே ஒன்றும் சுற்றவில்லையே!

அதை விற்றுவிடு என்றால் நீ கேட்கமாட்டாய். குறைந்தது பூட்டுப் பெட்டி ஒன்று வாங்கி உள்ளே வை. தோட்டாவை வேறு இடத்தில் வை. திறப்பு அவனுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கக்கூடாது. இங்கே பெடியன் போல்ற் என்கிற, அது இல்லாமல் சுட முடியாத பாகத்தைக் கழற்றித் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறான். அதுவும் தாய்க்குப் போதவில்லை. வீட்டில் வைக்க விருப்பமில்லாதவர்கள் இராணுவக் களஞ்சியத்தில் காசில்லாமல் ஒப்படைக்கலாம். ஒரு மாதமாகத் தாயும் மகனும் வாக்குவாதம். சூட்டுக்குப் போகிற நேரம் எடுக்கிறது கரைச்சல் என்று முனகினான். கடைசியில் நானும் தாய் பக்கம் நின்றுவிட்டேன். அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறான்.

இனிக் கல்யாண விசயம். மாப்பிள்ளை சூரிச்சில் வேலை, தாய் தகப்பன் சாவகச்சேரிப் பக்கம். ஆவணியில் பேர்ணில் மண்டபம் எடுத்திருக்கிறோம், நாள் குறித்ததும் அறிவிக்கிறேன். நீங்கள் நாலு பேரும் வர வேண்டும், கடைக்கு ஆளை இப்போதே பார்த்து வை. சின்னவனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. கல்யாணம் முடிந்த பிறகும் அவனை இரண்டு கிழமை என்னிடம் விட்டுவிட்டுப் போ, என் பெடியன் மலைக்குக் கூட்டிக்கொண்டு போவான். பள்ளிக்கூடம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டு எழுது. அதைப் பார்த்துத்தான் அறைகள் பதிய வேண்டும்.

அன்புடன்,
தேவன்