டர்போவை மாற்றும் முன்...

ஆசிரியருக்கு,

மணலியிலிருந்து துறைமுகத்துக்கு 14 ஆண்டுகளாகக் கன்டெய்னர் ஓட்டுகிறேன். போன மாதம் லோடோடு பாலம் ஏறினாலே வண்டி இழுக்கவில்லை, கரும்புகை வேறு. பட்டறையில் பானெட்டைக்கூடத் திறக்காமல், 'டர்போ போச்சு, 45,000 ஆகும்' என்றார்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவதுதான் டர்போ. சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தேன். 'டிக் டிக்' என்று சத்தம். சூடேறியதும் அடங்கிவிட்டது. இரும்பு விரிந்து, புகை கசியும் இடைவெளியை அடைத்துக்கொள்ளும் அல்லவா? டார்ச் அடித்துப் பார்த்தால், எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டின் பின்கோடியில் மை பூசியதுபோல் கரி. அங்கே அதை எஞ்சினோடு பிடித்திருக்கும் ஒரு ஸ்டட் (திருகாணி) முறிந்திருந்தது. டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை அந்த வழியாகக் கசிந்தால் காற்றழுத்தம் எப்படி ஏறும்? காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது. கரும்புகைக்கு அதுதான் காரணம்.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் முறிந்த ஸ்டட்டை எடுக்கவே அரை நாள் ஆனது. அப்புறம் மேனிஃபோல்டைக் கழற்றி, ஸ்கேல் வைத்துப் பார்த்தார். கோணியிருந்தது. லேத் பட்டறையில் சமன் செய்து, கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக முறுக்கினார். மொத்தம் 6,200 ரூபாய்.

டர்போவில் கையே வைக்கவில்லை. கழற்றிய பொருளை வண்டிக்காரரிடம் காட்டி, காரணத்தைப் பில்லில் எழுதித் தரும் வழக்கம் பட்டறைகளில் வர வேண்டும். இப்படிக் கசிந்து கேபினில் புகை வாடை அடித்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிச் சமாளிக்கும் தம்பிகளும் உடனே வண்டியைக் காட்டட்டும்.

லாரி ஓட்டுநர்,
மணலி, சென்னை