பழைய படம் ஒன்றை உடன் அனுப்பியிருக்கிறேன்

கும்பகோணம்

அன்புள்ள மகள் மங்கைக்கு, அப்பா எழுதுவது.

நேற்றிரவு தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் உடனே பதில் சொல்லாதது கோபத்தால் அல்ல. பேத்தியின் கல்யாணத்துக்கு முன்பு கன்னத்தில் ஃபில்லர், அதாவது வற்றிய இடத்தைக் கூழ் செலுத்தி நிரப்பும் ஊசி, போட்டுக்கொள்ளலாமா என்று 49 வயது மகள் கேட்டால், 78 வயதுத் தகப்பன் கொஞ்சம் விழிக்கத்தான் செய்வான். உன் அம்மா வழக்கம்போல "இந்த வயதில் எதற்கு" என்று ஆரம்பித்துவிட்டாள். உன் அத்தையோ, அந்த மருந்தைச் சேவலின் கொண்டையிலிருந்து எடுக்கிறார்களாமே, நாம் சைவம் ஆயிற்றே என்று காலையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு காலத்தில் அப்படியும் எடுத்தார்கள் என்பது உண்மைதான். இப்போது பெரும்பாலும் நுண்ணுயிரிகளை நொதிக்கவைத்து எடுக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் அவள் காப்பி குடித்தாள்.

எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. 41 ஆண்டுகள் பல்செட் செய்து பிழைத்தவன், வற்றிய முகத்தை நிரப்புவது பாவம் என்று எப்படிச் சொல்வேன்? பற்கள் போன பின் தாடை எலும்பு மெல்லக் கரைகிறது. தாங்க ஆள் இல்லாத உதடு உள்ளே விழுகிறது. கன்னமும் கூடவே ஒடுங்குகிறது. கரைந்த எலும்பின் இடத்தில் அக்ரிலிக்கை நிறுத்தி உதட்டை முன்னே கொண்டுவருவதுதான் என் தொழிலாக இருந்தது. உன் மருத்துவர் தோலுக்குள் செய்யப்போவதை நான் வாய்க்குள் செய்துகொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம் மேல்செட் கட்டிக்கொள்ள வந்தார். மேலுதட்டின் மேல் இருந்த சுருக்கக் கோடுகள் அத்தனையும் மறைய வேண்டும் என்பது அவருடைய ஆசை. செட்டை முடிக்கும் முன் மெழுகில் வைத்துப் பார்ப்போம் அல்லவா, அந்தக் கட்டத்தில் அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றார். நானும் விளக்கு வெளிச்சத்தில் கடைசிக் கோடும் மறையும்வரை மெழுகை ஏற்றிக்கொண்டே போனேன். அசையாமல் உட்கார்ந்திருந்தபோது முகம் பிரமாதமாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். "ப"வும் "ம"வும் சொல்ல உதடுகள் சேரவில்லை. வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு ஏன் பேசுகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டாராம். முன்பக்கத்தில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் ராவி எடுத்தேன். கோடுகளில் பாதி திரும்பி வந்தன. அதற்குப் பிறகுதான் அவர் அந்தச் செட்டைக் கழற்றாமல் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து மெழுகு வைத்த எவரையும் கண்ணாடி முன் சும்மா உட்கார விட்டதில்லை. மார்க்கெட்டில் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டு, பேசவைத்து, சிரிக்கவைத்து, பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டுத்தான் முடிப்பேன்.

நீயும் அப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டிலில் சாய்ந்தபடி, செல்போனின் முன்கேமராவில், உதட்டை இறுக்கிக்கொண்டு எடுத்த படத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதே. ஊசி போடுகிறவர் உன்னை நிமிர்ந்து உட்காரவைத்து, பேசும்போதும் சிரிக்கும்போதும் பார்த்து, அதன் பிறகு குறி போடுகிறாரா என்று கவனி.

மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் பள்ளத்தை நிரப்பச் சொல்வதாக நீ சொன்னாய். அங்கேதான் எனக்கு இடறுகிறது. கன்னத்தின் கொழுப்பு ஒரே விரிப்பாகக் கிடப்பதில்லை. தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது. டல்லாஸ் நகரத்து மருத்துவர்களான ரோரிச்சும் பெஸ்ஸாவும் சடலங்களின் முகத்தில் நீலச் சாயத்தைச் செலுத்தி, அது எந்த அறையில் போய் நிற்கிறது என்று பார்த்து, 2007இல் இதை எழுதினார்கள். எல்லா அறைகளும் ஒரே வேகத்தில் வற்றுவதில்லை. கண்குழியும் மேல்தாடையும் வயதோடு உருமாறுகின்றன. மேலே கன்ன எலும்பின் மீது ஆழத்தில் தாங்கல் குறைந்ததால்தான் கீழே அந்தப் பள்ளம் விழுந்தது என்றால், பள்ளத்தை மட்டும் நிரப்பினால் என்ன ஆகும்? வாயைச் சுற்றிக் கனம் ஏறும், கன்னம் வற்றியபடியே இருக்கும். மேலே சிறிது தாங்கல் கொடுத்தாலே கீழே நிழல் பாதி குறைவதுண்டு. மீதிப் பாதி இருந்துவிட்டுப் போகட்டும். கண்ணுக்குக் கீழே போடச் சொன்னால் இரண்டு முறை யோசி. அங்கே தோல் மிக மெல்லியது. மருந்து மேலாக நின்றுவிட்டால் நீலம் பாரித்துத் தெரியும், நீரை இழுத்து உப்பியும் போகும்.

நான்கு சிரிஞ்சையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டால் சலுகை என்றார்களாமே! ஆடித் தள்ளுபடியில் புடவை எடுப்பதா இது? ஒரு சிரிஞ்சு பொதுவாக ஒரு மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. கேட்க அற்பமாகத்தான் இருக்கும், ஆனால் முகத்தில் அரை மில்லிலிட்டரே கண்ணுக்குத் தெரியும். ஒன்றோ இரண்டோ போட்டுக்கொண்டு, வீக்கம் வடிய நான்கு வாரம் விட்டு, பிறகு மறுபடியும் பார். கொஞ்சம் போதாதே என்று உனக்குத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிடு. குறைந்ததைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மருந்து ஹையலூரோனிக் அமிலமாகவே இருக்கட்டும். நம் உடம்பிலேயே உள்ள பொருள் அது. 1934இல் மாட்டுக் கண்ணிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். சும்மா செலுத்தினால் உடம்பு சில நாளில் கரைத்துவிடும் என்பதால், இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கூழாக்கி விற்கிறார்கள்; பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும், சிலருக்கு அதற்கு மேலும் நிற்பதுண்டு. பிடிக்காவிட்டால் ஹையலூரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைக்கலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த குணம். காலம் முழுவதும் நிற்கும் என்று சிலிக்கோன் திரவத்தையோ வேறு எதையோ காட்டினால் எழுந்து வந்துவிடு. அழகு நிலையத்தில் ஊசியே இல்லாமல் பேனா போன்ற கருவியால் மருந்தை அழுத்திப் பாய்ச்சுகிறார்களாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இலேயே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது.

பயமுறுத்த எழுதவில்லை, தெரிந்துகொண்டு போக வேண்டும். மருந்து ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொண்டால் தோல் வெளிறும், கடுமையாக வலிக்கும், வலைபோல ஊதாத் திட்டுகள் படரும். அரிதாகக் கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டுப் பார்வையே போயிருக்கிறது. மூக்கும் புருவங்களுக்கு இடைப்பட்ட இடமும் இதில் மிகவும் ஆபத்தானவை. ஆகையால் ஊசி போடுகிறவர் தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரோதானா, அந்தக் கரைக்கும் நொதி அப்போதே அங்கே இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேள். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரிடம் போட்டுக்கொள்ளாதே.

இன்னொன்று, நீ எடைகுறைப்பு ஊசியால் 16 கிலோ இளைத்திருக்கிறாய், இன்னும் இளைத்துக்கொண்டிருக்கிறாய். எடை ஓரிடத்தில் நிற்கட்டும். இன்றைய பள்ளத்துக்கு அளவெடுத்தால் மூன்று மாதத்தில் பள்ளம் மாறிவிடும். வலப்பக்கம் பிடுங்கிய இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு இன்னும் பல் கட்டவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பல் வேலையை முதலில் முடித்துவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் கழித்து ஊசிக்குப் போ. கல்யாணம் தை கடைசியில்தானே, கார்த்திகைக்குள் எல்லாம் முடிந்தால் ரத்தக்கட்டும் வீக்கமும் அடங்க வேண்டிய அவகாசம் கிடைக்கும்.

உடன் அனுப்பியிருக்கும் படம் உன் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்தது. அதில் உனக்கு வயது 38. இருபது வயதுப் படத்தைக் கொண்டுபோகாதே. அந்த முகத்தை எவராலும் திருப்பித் தர முடியாது, முயன்றால் வேறு யாரோ வந்து நிற்பார்கள். இதில் பந்தியில் யாரோ எதையோ சொல்ல, நீ தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாய். இடக்கன்னம் வலக்கன்னத்தைவிட ஒரு நூல் உயர்ந்து நிற்கிறது. பிறந்த நாள் முதல் உனக்கு அப்படித்தான். இரண்டையும் சமமாக்கித் தருகிறேன் என்று மருத்துவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்.

படத்தைப் பார்த்துவிட்டு மறக்காமல் திருப்பி அனுப்பு. ஆல்பத்தில் அந்த இடம் காலியாக இருப்பதை உன் அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

அன்புடன்,
அப்பா