எடைக்கும் ஒரு வரம்பு வேண்டும்: ரிமோட் கார் பந்தயக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். நம் சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்காக நடத்தும் நீள்வட்டத் தடப் பந்தயத்தின் விதிகளில் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் வரம்பு இருக்கிறது. எடைக்கும் டயருக்கும் இல்லை. கனமான கார் தரையை அதிகம் அழுத்துவதால் பிடிமானமும் அதே அளவு கூடும், ஆகவே எடையால் ஆதாயமும் இல்லை, நட்டமும் இல்லை என்று விளக்கம் தந்தீர்கள். பாடநூல் கணக்கில் இது சரி, தடத்தில் சரியில்லை.

சமதள வளைவில் காரைத் திருப்பத் தேவைப்படும் விசையும் டயர் தரும் உராய்வும் எடையோடு சேர்ந்தே கூடுவதால், கணக்கில் எடை அடிபட்டுப் போகிறது. 2 மீட்டர் ஆரமுள்ள வளைவில் உராய்வுக் கெழு (டயர் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்) 0.8 என்றால், எந்தக் காரும் நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகம் வரை வழுக்காமல் திரும்பலாம். ஆனால் சுமை இரட்டிப்பானால் ரப்பரின் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை; அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. கெழு 0.72க்கு இறங்கினாலே அந்த 4 மீட்டர் 3.75 ஆகிவிடும், அந்த இழப்பு ஒவ்வொரு வளைவிலும் சேர்ந்துகொண்டே போகும். மேலும், இடப்பக்கமாகவே திரும்பும் தடத்தில் சுமை வலப்பக்க டயர்களுக்கு மாறும்போது, அவை பெறும் கூடுதல் பிடி இடப்பக்க டயர்கள் இழந்ததை ஈடுசெய்வதில்லை. அமெரிக்க நீள்வட்டத் தடங்களில் எடையைத் தாழ்வாகவும் இடப்பக்கமாகவும் வைப்பது இதனால்தான். (இருபுறமும் திரும்ப வேண்டிய நம் சிங்கப்பூரின் மரினா பே ஃபார்முலா 1 தடத்தில் அந்த உத்தி எடுபடாது.) நேர்ப்பாதையில் கனமான கார் வேகம் பிடிக்கத் திணறுவதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அமெரிக்காவின் டேடோனா பந்தயத் தடத்தின் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்திருப்பதால், காரைத் திருப்பும் வேலையில் ஒரு பகுதியைத் தடமே ஏற்றுக்கொள்கிறது. நாமோ கூடைப்பந்துத் திடலில் கூம்புகளை அடுக்கி ஓட்டுகிறோம். இங்கே எல்லாம் டயரின் தலையில்தான்.

இதனால் பாதிக்கப்படுவது யார்? கார்பன் இழைச் சட்டம் வாங்கித்தர முடிந்த வீட்டுப் பிள்ளையின் கார் இலேசாக இருக்கிறது. பெட்டியில் வந்த பிளாஸ்டிக் சட்டத்தோடு ஓட்டும் பிள்ளை, எவ்வளவு திறமையாகத் திருப்பினாலும் வளைவுக்கு வளைவு பின்தங்குகிறது. ஃபார்முலா 1 பந்தயத்திலேயே, உடல் எடை குறைந்த ஓட்டுநருக்கு ஆதாயம் கிடைக்கக்கூடாது என்று, ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து 80 கிலோவுக்குக் குறையக்கூடாது என 2019இல் விதி கொண்டுவந்தார்கள்.

ஆகவே, பேட்டரியோடு சேர்த்துக் குறைந்தபட்ச எடை ஒன்றை நிர்ணயித்து, பந்தயம் முடிந்ததும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றும், அனைவருக்கும் ஒரே வகை டயரை விதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எடை குறைந்த காரில் ஈயத் துண்டுகளை எங்கே ஒட்டுவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அதுதான்.

எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசு ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும். போட்டி நாளன்று கொண்டுவரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
போட்டியாளர் ஒருவரின் தந்தை,
ஈசூன்